அஞ்சல் வடிகட்டியை எந்த இடத்தில் வைப்பது?

மெயில் சர்வர் காலையில் திணறத் தொடங்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் இன்பாக்ஸைத் திறப்பார்கள். அதே நேரம் பார்த்து வைரஸ் ஸ்கேனர் தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். நினைவகம் தீர்ந்து, ஐமேப் (சர்வரில் உள்ள அஞ்சலைப் படிக்கும் வழி) இணைப்புகள் அறுந்து, தொலைபேசி அடிக்க ஆரம்பிக்கும். அப்போது யாராவது சொல்வார்கள்: "ஸ்பேம், வைரஸ் வேலையை இதிலிருந்து எடுத்து ஒரு தனி சர்வரில் போட்டுவிடலாமே?"

போடலாம். ஆனால் தனி சர்வர் என்று சொல்லும்போது ஆளுக்கொன்றை மனதில் வைத்திருப்பார்கள். ஒருவர் நினைப்பது, நாமே ஒரு லினக்ஸ் இயந்திரத்தில் நிறுவி முன்னால் நிறுத்தும் கேட்வே. இன்னொருவர் நினைப்பது, எம்எக்ஸ் பதிவை (நம் டொமைனின் அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பை) மாற்றி அஞ்சலை முதலில் வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பிச் சலித்து வாங்கும் சந்தா சேவை. மூன்றாமவர் வாய்விட்டுச் சொல்லாமல் நினைப்பது, மெயில்பாக்ஸையே கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. இவற்றோடு, இருக்கிற சர்வரிலேயே வடிகட்டியைச் சீர்செய்துகொள்வது என்ற நான்காவது வழியும் உண்டு. அதை யாரும் கூட்டத்தில் பேசுவதில்லை.

எந்த வடிகட்டி எத்தனை சதவீதம் ஸ்பேமைப் பிடிக்கும் என்ற விளம்பர எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் பார்ப்பது வேறு. வடிகட்டியை மெயில்பாக்ஸிலிருந்து பிரித்தவுடன், அதுவரை ஒரே இயந்திரத்துக்குத் தெரிந்திருந்த மூன்று விஷயங்கள் சிதறிப்போகின்றன. இந்த டொமைனில் யார் யாருக்கு முகவரி இருக்கிறது, அஞ்சலைக் கொண்டுவந்த ஐபி (இணைய முகவரி எண்) எது, பெறுபவர் எதைக் குப்பை என்று ஒதுக்குகிறார். இந்த மூன்றையும் வடிகட்டி இருக்கும் இடத்துக்கு எப்படிக் கொண்டுசேர்க்கப் போகிறோம் என்று கேட்டாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

முதலில், சர்வர்கள் அஞ்சலைக் கைமாற்றிக்கொள்ளும் எஸ்எம்டிபி உரையாடலைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். அனுப்பும் சர்வர் கதவைத் தட்டுகிறது, தன் பெயரைச் சொல்கிறது, யாரிடமிருந்து, யாருக்கு என்கிறது, பிறகு அஞ்சலின் உடலைக் கொடுக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வாங்கும் சர்வர் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். 2-ல் தொடங்கும் எண் என்றால் சரி, 4 என்றால் பிறகு வா, 5 என்றால் முடியாது. உடலை வாங்கிக்கொண்டு 250 சொல்லிவிட்டால் பொறுப்பு கைமாறிவிடுகிறது. இனி அந்த அஞ்சலைச் சேர்ப்பிப்பதோ, சேர்க்க முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்வதோ வாங்கியவரின் கடமை. 2008-இல் வந்த எஸ்எம்டிபி விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5321 இதைத் தெளிவாகவே சொல்கிறது.

ஸ்பேமில் அனுப்பியவர் முகவரி பெரும்பாலும் பொய். அப்படியானால் 250 சொன்ன பிறகு "இது ஸ்பேம்" என்று கண்டுபிடித்து என்ன பயன்? திருப்பி அனுப்பினால் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் பெட்டியில் போய் விழும். இதை பேக்ஸ்கேட்டர் என்பார்கள். அதிகமாகச் செய்தால் நம் ஐபியே கறுப்புப் பட்டியலில் ஏறும். திருப்பாமல் ஓசையின்றி அழித்தால், தவறாகப் பிடிபட்ட நல்ல அஞ்சலும் யாருக்கும் தெரியாமல் காணாமல் போகும். ஆகவே கதவிலேயே, உரையாடல் முடிவதற்குள் 5 சொல்லிவிடுவதுதான் சுத்தமான வழி. உண்மையான அனுப்புநராக இருந்தால் அவருடைய சர்வரே அவருக்குத் தகவல் சொல்லிவிடும்.

இருக்கிற இடத்திலேயே வைத்துக்கொள்வதன் பலம் இதில்தான் இருக்கிறது. அஞ்சலை வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும் ஸ்பேமைச் சலிக்கும் ஆர்ஸ்பேம்டியும் ஒரே இயந்திரத்தில் மில்டர் (உரையாடலின் நடுவிலேயே வடிகட்டியைக் கேட்கும் வழி) மூலம் பேசிக்கொள்ளும்போது, முகவரிப் பட்டியல் கையருகே இருக்கிறது, வந்தவரின் ஐபி நேரடியாகத் தெரிகிறது, முடிவும் உரையாடலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. மூன்றாவது விஷயம் இன்னும் அருமை. பயனர் ஓர் அஞ்சலை ஜங்க் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டால், மெயில்பாக்ஸ் சர்வரான டவ்காட்டின் ஐமேப் சீவ் வசதி அதை அப்படியே எடுத்து வடிகட்டிக்குப் பாடமாகக் கொடுத்துவிடும். ஜங்க்கிலிருந்து இன்பாக்ஸுக்குத் திருப்பி இழுத்தாலும் அப்படியே. யாரிடமும் போய் "ஸ்பேமை இந்த முகவரிக்கு ஃபார்வர்டு செய்யுங்கள்" என்று கெஞ்ச வேண்டியதில்லை. இன்னொரு வடிகட்டியான ஸ்பேம்அசாசினின் பேய்ஸ் கணக்கு (படித்த அஞ்சல்களின் சொற்களை வைத்து நிகழ்தகவு போடுவது) வேலை செய்யத் தொடங்கவே குறைந்தது 200 ஸ்பேமும் 200 நல்ல அஞ்சலும் படித்திருக்க வேண்டும். இழுத்துப் போடும் பழக்கம் உள்ள இடத்தில் அந்த எண்ணிக்கை சீக்கிரம் சேர்ந்துவிடும்.

பலவீனம் முதலில் தெரிவது நினைவகத்தில். வைரஸ் ஸ்கேனரான கிளாம்ஏவி தன் முழு வைரஸ் பட்டியலையும் நினைவகத்தில் ஏற்றிவைக்கும். அதற்கே ஒரு ஜிபிக்கு மேல் போகும். 2020-இல் வந்த 0.103 பதிப்பிலிருந்து, பட்டியலைப் புதுப்பிக்கும்போது பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றுகிறது. ஸ்கேன் நிற்காது, ஆனால் அந்தச் சில நொடிகளுக்கு இரண்டு மடங்கு இடம் வேண்டும். காலையில் திணறிய சர்வரின் மர்மம் பல இடங்களில் இவ்வளவுதான். ஒரே சமயத்தில் இரண்டையும் ஏற்றாதே என்று அமைப்பில் ஒரு வரி எழுதலாம், புதுப்பிக்கும் நேரம் மட்டும் ஸ்கேன் சற்று நிற்கும். இல்லையென்றால் நினைவகத்தைக் கூட்டலாம். இரண்டுமே புது சர்வர் வாங்குவதைவிட எளிது. இதைச் செய்து பார்க்காமலேயே கேட்வே பற்றிப் பேசத் தொடங்குபவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது பலவீனம் உண்மையாகவே யோசிக்க வேண்டியது. இணைப்புக் கோப்புகளைப் பிரித்துப் படிப்பது ஆபத்தான வேலை. முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஜிப், டார், பிடிஎஃப் எல்லாவற்றையும் ஒரு நிரல் திறந்து பார்க்கிறது. 42 கேபி அளவே உள்ள ஒரு பழைய ஜிப் வெடிகுண்டு முழுதாக விரிந்தால் 4.5 பெட்டாபைட் ஆகும். இப்போதைய ஸ்கேனர்கள் வரம்பு வைத்துத் தப்பித்துக்கொள்கின்றன. ஆனால் பிரிக்கும் நிரலில் ஓட்டை இருந்தால் அதன் வழியே வருபவன் நேராக எல்லோருடைய மெயில்பாக்ஸும் இருக்கிற இயந்திரத்தில் வந்து இறங்குகிறான். வடிகட்டியைத் தனியே பிரிப்பதற்கு என்னைக் கேட்டால் வேகத்தைவிட இதுவே நல்ல காரணம்.

அதற்காகத் தனிப் பெட்டி என்றாலே பாதுகாப்பு என்றும் நம்பிவிடக்கூடாது. 2023 மே மாதம் பாராகுடா நிறுவனத்தின் மின்னஞ்சல் கேட்வே கருவிகளில் சிவிஇ 2023-2868 என்று பட்டியலிடப்பட்ட ஓட்டை வெளிப்பட்டது. டார் கோப்புகளைச் சோதிக்கும் பகுதியில்தான் அது இருந்தது. 2022 அக்டோபர் முதலே தாக்குபவர்கள் அதைப் பயன்படுத்தி வந்திருந்தார்கள். பேட்ச் போட்டும் தீரவில்லை. பாதிக்கப்பட்ட கருவிகளைக் கழற்றிவிட்டு வேறு மாற்றிக்கொள்ளும்படி நிறுவனமே வாடிக்கையாளர்களிடம் சொன்னது. கேட்வே விழுந்தாலும் உள்ளே போகாமல் இருக்க வேண்டுமென்றால், அந்த இயந்திரத்துக்கு உள் வலையில் ஒரே ஒரு சர்வரின் ஒரே ஒரு போர்ட் (இணைப்பு வாசல்) மட்டும் எட்ட வேண்டும். அதை நிறைய பேர் செய்வதில்லை. நிர்வாக வசதிக்காக உள் வலை முழுவதையும் திறந்து வைத்திருப்பார்கள்.

இப்போது நாமே அமைக்கும் கேட்வே. போஸ்ட்ஃபிக்ஸோடு ஆர்ஸ்பேம்டி அல்லது ஸ்பேம்அசாசின், கூடவே கிளாம்ஏவி என்று கையால் கோத்துக் கட்டலாம். அல்லது டெபியன் லினக்ஸ் மேல் போஸ்ட்ஃபிக்ஸ், ஸ்பேம்அசாசின், கிளாம்ஏவி மூன்றையும் தொகுத்து வலைத் திரையோடு தரும் ப்ராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வே போன்ற ஒன்றை எடுக்கலாம். நிறுவுவது ஒரு மதிய வேலை. நான் மேலே சொன்ன மூன்று விஷயங்களும் ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் முகவரிப் பட்டியல். கேட்வேக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால், டொமைன் பெயர் சரியாக இருக்கும் எல்லா அஞ்சலுக்கும் 250 சொல்லி வாங்கிவைத்துக்கொள்ளும். ஸ்பேம் அனுப்புபவன் அகராதியில் உள்ள பெயரையெல்லாம் போட்டு அனுப்புவான். உள் சர்வர் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று 550 சொல்லும். இப்போது பொறுப்பு கேட்வே தலையில். திருப்பி அனுப்ப முயலும், பொய் முகவரி ஏற்காது, வரிசையில் ஐந்து நாள் கிடக்கும். பெயர் தெரியாத அனுப்புநருக்குப் போக வேண்டிய பவுன்ஸ் ("சேர்க்க முடியவில்லை" என்று திருப்பும்) அஞ்சல்களால் வரிசை நிரம்பிக் கிடக்கும் கேட்வேயை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பட்டியலை எல்டாப் (பயனர் விவரக் கோவையைக் கேட்கும் முறை) வழியாக நேரே கேட்கலாம், தினமும் கோப்பாக ஏற்றுமதி செய்து அனுப்பலாம், அல்லது போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு புது முகவரிக்கும் உள் சர்வரைக் கேட்டுப் பதிலைச் சேமித்துக்கொள்ளும்படி செய்யலாம். கடைசி வழி எளிது. ஆனால் உள் சர்வர் முகவரி கேட்கும் கட்டத்திலேயே உண்மையான பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பிறகு மறுக்கும் சர்வர்கள் இருக்கின்றன, அவற்றிடம் இது பலிக்காது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, சலிப்பது வரிசைக்கு முன்பா பின்பா என்பது. ஸ்கேனர்களை அஞ்சல் சர்வரோடு இணைக்கும் அமாவிஸ் என்ற நிரலின் பழைய அமைப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சலை வாங்கி வரிசையில் போட்டு, 10024 போர்ட்டில் அமாவிஸிடம் கொடுத்து, 10025-இல் திரும்ப வாங்கும். நிதானமான ஏற்பாடு, சுமை தாங்கும். ஆனால் ஸ்பேம் என்று தெரிவதற்குள் 250 சொல்லியாகிவிட்டது. குவாரன்டைனில் (தனியே ஒதுக்கிவைக்கும் இடத்தில்) போடலாம், அழிக்கலாம் அல்லது குறியிட்டு உள்ளே விடலாம், கதவிலேயே மறுக்க வழி கிடையாது. ப்ராக்ஸ்மாக்ஸில் வரிசைக்கு முன்பே வடிகட்டும் வசதி இருக்கிறது, ஆனால் நாம்தான் இயக்கிவிட வேண்டும். நிறுவிய அன்றே இயக்குங்கள் என்பேன்.

அடுத்தது ஐபி. கேட்வே வந்த பிறகு உள் சர்வரின் கண்ணுக்கு எல்லா அஞ்சலும் ஒரே ஐபியிலிருந்து வருகின்றன. அங்கே எஸ்பிஎஃப் சோதனை (அந்த டொமைன் பெயரில் அனுப்ப இந்த ஐபிக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது) இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், கேட்வேயின் ஐபி எந்த அனுப்புநரின் பட்டியலிலும் இருக்காது என்பதால் நல்ல அஞ்சலும் தோற்கும். கறுப்புப் பட்டியல் சோதனைக்கும் அர்த்தம் போய்விடும். ஒரே ஐபியிலிருந்து இத்தனை இணைப்பா என்று வேக வரம்பு வேறு கேட்வேயையே தடுக்கும். எனவே எஸ்பிஎஃப், டிகிம் (அஞ்சலின் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவ்விரண்டின் முடிவை அனுப்புநர் டொமைனோடு ஒப்பிடுவது) சோதனைகள் எல்லாம் கேட்வேயில் மட்டும் நடக்க வேண்டும், உள் சர்வர் கேட்வேயை நம்ப வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: தலைப்பில் "ஸ்பேம்" என்று சேர்ப்பது, கீழே எச்சரிக்கை வரி ஒட்டுவது எல்லாம் டிகிம் கையெழுத்தை உடைத்துவிடும். அந்த அஞ்சலைப் பயனர் வேறு பெட்டிக்குத் தானாக ஃபார்வர்டு செய்திருந்தால், அந்தப் பக்கம் அது மோசடி அஞ்சலாகத் தெரியும். தனி ஹெடர் (அஞ்சலின் மேலே இருக்கும் குறிப்பு வரி) ஒன்றைச் சேர்த்து, அதைப் பார்த்து உள் சர்வர் ஜங்க்கில் போடும்படி விடுவது நல்லது.

கறுப்புப் பட்டியல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. புதிதாக நிறுவிய கேட்வேயில் டிஎன்எஸுக்கு (டொமைன் பெயருக்கு ஐபி தேடும் ஏற்பாடு, கறுப்புப் பட்டியலைக் கேட்பதும் இதன் வழியேதான்) பொது ரிசால்வரை (விடை தேடித் தரும் சர்வரை), உதாரணமாகக் கூகுளின் 8.8.8.8-ஐ, போட்டுவிடுவது வழக்கம். பொது ரிசால்வர் வழியாக வரும் கேள்விகளுக்குக் கறுப்புப் பட்டியல் நடத்தும் ஸ்பேம்ஹவுஸ் பதில் தராது, 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பும். 127-ல் தொடங்கும் எந்தப் பதில் வந்தாலும் "பட்டியலில் இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால், வருகிற அஞ்சல் அத்தனையும் தடைபடும். கேட்வேயிலேயே அன்பவுண்டு போன்ற ஒரு ரிசால்வரை ஓட்டுவது கட்டாயம்.

மூன்றாவது, பயனரின் தீர்ப்பு. இதற்கு நல்ல விடை என்னிடம் இல்லை. ஜங்க் ஃபோல்டர் இருப்பது உள் சர்வரில், பாடம் படிக்க வேண்டியது கேட்வே. இரவில் ஒரு ஸ்கிரிப்ட் ஜங்க்கில் விழுந்தவற்றை எடுத்துக் கேட்வேக்கு அனுப்பலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், சுமாராக ஓடுகிறது. குவாரன்டைன் பட்டியலைத் தினமும் எல்லோருக்கும் அஞ்சலாக அனுப்பும் முறையும் உண்டு. முதல் வாரம் ஆர்வமாகத் திறப்பார்கள். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலையே ஸ்பேம் என்று குறித்துவிடுவார்கள்.

வெளிச்சேவையில் இந்தத் தலைவலிகள் பாதி மறைந்துவிடுகின்றன. கோடிக்கணக்கான அஞ்சல்களைப் பார்க்கும் ஒருவருக்கு, ஒரு புது மோசடி அலை எங்கோ தொடங்கியதுமே தெரிந்துவிடும். நம் கேட்வே அதை நம் வாசலில்தான் முதலில் பார்க்கும். இந்த வேறுபாடு பெரிது, இதை மறுப்பதற்கில்லை. இணைப்பு வெள்ளம் வந்தாலும் அவர்கள் தாங்குவார்கள், நம் ஒற்றை இயந்திரம் தாங்காது. 2022-இல் மைக்ரோசாஃப்ட் இணையத்திலிருந்து வந்த ஆபீஸ் கோப்புகளின் மேக்ரோக்களை (கோப்புக்குள் இருக்கும் சிறு நிரல்களை) முன்னிருப்பாகத் தடுக்கத் தொடங்கியபோது, தாக்குபவர்கள் ஐஎஸ்ஓ, ஒன்நோட் கோப்புகளுக்குத் தாவினார்கள். அப்படித் தாவும் வாரத்தில் விதிகளை உட்கார்ந்து மாற்றுவது அவர்களுடைய முழுநேர வேலை. நமக்கு அது பத்து வேலையில் ஒன்று.

விலையாகக் கொடுப்பது என்ன? எல்லா அஞ்சலும் இன்னொருவர் கண்முன்னே பிரிக்கப்பட்டுப் போகிறது. மருத்துவம், சட்டம் போன்ற துறையில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். "எனக்கு அனுப்பிய அஞ்சல் எங்கே?" என்று ஒருவர் கேட்டால் நம் லாகில் தேடினால் கிடைக்காது, அவர்கள் திரையில் அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க முடியும். அஞ்சலில் உள்ள லிங்குகளைத் தங்கள் சர்வர் வழியாகப் போகும்படி மாற்றி எழுதுவார்கள். பாதுகாப்பு ஒருபுறம் கூடும், மறுபுறம் டிகிம் உடையும், உண்மையான முகவரி எதுவென்று மனிதக் கண்ணுக்கும் தெரியாது. சேவையே நின்றுபோவதும் உண்டு. போஸ்டினி என்ற வடிகட்டும் நிறுவனத்தைக் கூகுள் 2007-இல் 62.5 கோடி டாலருக்கு வாங்கியது, சில ஆண்டுகளில் அந்தச் சேவையைத் தன் சொந்தத் தளத்துக்குள் கரைத்துவிட்டது. மெக்காஃபியும் தன் மின்னஞ்சல் வடிகட்டும் சேவையை மூடியது. நல்லவேளையாக எம்எக்ஸ் பதிவு நம் கையில் இருக்கும்வரை இடம் மாறுவது முடியாத காரியமாக இருக்காது. கற்றுவைத்த விதிகளும் அனுமதிப் பட்டியலும்தான் அங்கேயே தங்கிவிடும்.

கேட்வேக்கும் வெளிச்சேவைக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பகுதி இதுதான். எம்எக்ஸ் பதிவை மாற்றுவது ஒரு வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைப்பது மட்டுமே. பழைய சர்வர் அதே ஐபியில், அஞ்சலை வாங்கும் அதே 25-ஆம் போர்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இருக்கிறது. ஸ்பேம் அனுப்புபவர்கள் பலகையைப் படிக்க வேண்டிய அவசியமில்லை, பழைய முகவரி அவர்களிடம் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் வடிகட்டும் சேவைக்குப் பணம் கட்டிப் பல மாதம் ஆகியும் ஸ்பேம் குறையவில்லை என்று கூப்பிட்டார்கள். ஹெடரைப் பார்த்தால், வந்த ஸ்பேமில் ஒன்றுகூட அந்தச் சேவை வழியாக வரவேயில்லை. மைக்ரோசாஃப்ட் 365-க்கு முன்னால் வேறு வடிகட்டி வைப்பவர்களுக்கும் இதே கதைதான். அங்கே உள் சர்வரின் பெயரை டொமைனை வைத்தே ஊகித்துவிடலாம். கனெக்டரில் (அஞ்சல் எங்கிருந்து வரலாம் என்று சொல்லும் அமைப்பில்) வடிகட்டியின் ஐபிகளைத் தவிர மற்றவற்றை மறுக்கும்படி கட்டுப்பாடு போடாவிட்டால் பக்கவாட்டுக் கதவு திறந்தே கிடக்கும். கூகுள் வொர்க்ஸ்பேஸிலும் இன்பவுண்டு கேட்வே அமைப்பில் இதற்கான இடம் உண்டு. இரண்டாம் நிலை எம்எக்ஸும் அப்படித்தான். பாதுகாப்பு குறைவாக இருக்கும் என்று தெரிந்தே ஸ்பேம் அனுப்புபவர்கள் அதைத் தேடித் தட்டுவார்கள். உதவிக்கு வைத்த இரண்டாவது சர்வரிலும் அதே வடிகட்டி, அதே முகவரிப் பட்டியல் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதை எடுத்துவிடுவதே மேல். அனுப்பும் சர்வர்கள் நாலைந்து நாள் மறுபடி மறுபடி முயலும் என்பதால் சில மணி நேர நிறுத்தத்தில் எதுவும் தொலைந்துவிடாது.

மெயில்பாக்ஸையே பெரிய நிறுவனத்திடம் கொடுப்பதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை, அது வடிகட்டி பற்றிய முடிவு இல்லை. ஆனால் மேலே சொன்ன மூன்று விஷயங்களும் அங்கே மறுபடி ஒரே கூரைக்குள் வந்துவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள். அங்கே போனபின் முன்னால் இன்னொரு வடிகட்டியையும் வைப்பவர்கள், ஒன்றாயிருந்ததைப் பணம் கொடுத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குத் தெளிவான காரணம் இருக்க வேண்டும்.

எந்த வழியிலும் பிடிபடாதவையும் உண்டு. கடவுச்சொல் போட்ட ஜிப்புக்குள் எந்த ஸ்கேனராலும் எட்டிப்பார்க்க முடியாது. கடவுச்சொல் அஞ்சலின் உடலிலேயே எழுதியிருந்தால் மட்டும் சில சேவைகள் திறந்து பார்க்க முயலும். "நான் மீட்டிங்கில் இருக்கிறேன், இந்தக் கணக்குக்கு அவசரமாகப் பணம் அனுப்பு" என்று மேலதிகாரி பெயரில் வரும் இரண்டு வரி அஞ்சலில் வைரஸும் இல்லை, இணைப்பும் இல்லை. அதை நிறுத்த வேண்டிய இடம் கணக்குப் பிரிவு.

என் கணிப்பு இது. ஒரே சர்வர், நூறு பேருக்குள், நிர்வகிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால், பிரிக்காதீர்கள். நினைவகத்தைக் கூட்டி, ஆர்ஸ்பேம்டிக்கு மாறி, ஜங்க் ஃபோல்டரைப் பாடமாக்குங்கள். உள்ளே வெவ்வேறு வகை மெயில் சர்வர்கள் பல இருக்கின்றன, அல்லது உள் சர்வர் இணையத்துக்கு முகம் காட்டவே கூடாத பழைய ஒன்று என்றால் சொந்தக் கேட்வே நன்றாகப் பொருந்தும். ஆனால் ஒன்றாக வைக்காமல் இரண்டாக வையுங்கள், ஒன்றைப் புதுப்பிக்கும்போது மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். நிர்வகிக்க ஆளே இல்லை, அஞ்சலின் இரகசியம் பெரிய தடையில்லை என்றால் வெளிச்சேவை. ஆள் இல்லாத இடத்தில் சொந்தக் கேட்வே போடுவது மட்டும் எதிலும் சேராது. இரண்டு ஆண்டு புதுப்பிக்காத கேட்வேயைவிடக் கேட்வே இல்லாமலிருப்பது நல்லது.

பிரிப்பதென்று முடிவானால் மாற்றும் நாளுக்கு முன்பே எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 நொடிக்குக் குறையுங்கள். மாற்றியபின் வெளியிலிருந்து 68 எழுத்துள்ள ஐகார் சோதனைக் கோப்பை (ஸ்கேனரைச் சோதிக்க வைரஸ்போல் நடிக்கும், தீங்கில்லாத கோப்பு) இணைத்து ஓர் அஞ்சல், ஸ்பேம் வடிகட்டியைச் சோதிப்பதற்கான ஜிடியூப் வரியோடு ஓர் அஞ்சல், இல்லாத பெயருக்கு ஓர் அஞ்சல். மூன்றுக்கும் கதவிலேயே 5 வர வேண்டும். பிறகு சில நாள் பொறுத்து, பழைய எம்எக்ஸை நினைவில் வைத்திருக்கும் சர்வர்களும் மாறிய பின், வெளி இணைப்பு ஒன்றிலிருந்து உள் சர்வரின் 25-ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் (கட்டளை வரியிலிருந்து நேரே இணைந்து பார்க்கும் கருவி) செய்து பாருங்கள். இணைப்பு தொங்கிக்கொண்டே இருந்தாலோ மறுக்கப்பட்டாலோ சரி. 220 என்று வரவேற்றால், ஃபயர்வாலில் வேலை மிச்சமிருக்கிறது.